ஸ்மெதிக்: 17 தேர்தல்கள், ஒரு கறை, கொஞ்சம் கணக்கு

பிரிட்டனின் தேர்தல் வரலாறு படித்தவர்களிடம் ஸ்மெதிக் தொகுதியைப் பற்றிக் கேட்டால் 1964 என்பார்கள், இனவெறிப் பிரசாரம் என்பார்கள், அதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்கள் சொல்வதில் தவறில்லை. ஆனால் அந்தத் தொகுதி 1918 முதல் 1974 வரை இருந்தது. 15 பொதுத்தேர்தல், 2 இடைத்தேர்தல், ஆக 17 முறை வாக்குப்பெட்டி திறக்கப்பட்டது. அதில் 14 முறை தொழிற்கட்சி வென்றது. கன்சர்வேடிவ் கட்சிக்குக் கிடைத்தவை 1931, 1935, 1964 ஆகிய மூன்று மட்டும். இந்த வரிசையில் வைத்துப் பார்க்காமல் 1964-ஐப் புரிந்துகொள்ள முடியாது. எண்களை எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், பொதுவாகச் சொல்லப்படும் கதையில் ஒரு முக்கியமான பகுதி விடுபட்டிருப்பது தெரியும்.

முதலில் ஊர். பர்மிங்ஹாமின் மேற்கு எல்லையை ஒட்டிய தொழில் நகரம். நீராவி இயந்திரத்தால் பெயர்பெற்ற போல்டன், வாட் இருவரின் சோஹோ வார்ப்படச் சாலை, பிறகு அதே இடத்தில் ஏவரி தராசுத் தொழிற்சாலை, சான்ஸ் சகோதரர்களின் கண்ணாடி ஆலை, கேப் ஹில்லில் மதுவடிப்பாலை, திருகாணி செய்யும் ஆலைகள், மோட்டார் வாகனங்களுக்கு அலுமினியம் வார்க்கும் பட்டறைகள் என்று நெருக்கமாக இருந்த இடம். நிர்வாகத்தில் பர்மிங்ஹாமோடு சேராத தனி நகராட்சி. 1918 மறுவரையறைக்கு முன்பு ஹேண்ட்ஸ்வொர்த் என்ற பெரிய தொகுதிக்குள் அடங்கியிருந்தது. 1918-ல் ஊர் எல்லையே தொகுதி எல்லையாக வரையப்பட்டது. தேர்தல் கணக்குப் பார்ப்பவனுக்கு இது பெரிய வசதி. நகராட்சித் தேர்தல் முடிவு, மக்கள்தொகைக் கணக்கு, வீட்டுவசதிப் பட்டியல் எல்லாம் தொகுதி எண்ணோடு நேராகப் பொருந்தும். பெரும்பாலான தொகுதிகளில் இப்படி அமையாது.

1918 டிசம்பர் 14-ல் முதல் தேர்தல். பெண்கள் வேட்பாளராக நிற்கலாம் என்ற சட்டம் நிறைவேறி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நாடு முழுவதும் 17 பெண்கள் நின்றார்கள். அவர்களில் ஒருவரான, பெண்கள் வாக்குரிமைப் போராளி கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்ட் ஸ்மெதிக்கில் பெண்கள் கட்சி சார்பில் நின்றார். முதலில் வில்ட்ஷயரில் உள்ள வெஸ்ட்பரியில் நிற்கத் திட்டமிட்டு, பிறகு இங்கே மாறியவர். பிரதமர் லாயிட் ஜார்ஜ் கூட்டணியின் ஆதரவுக் கடிதம் கிடைத்த ஒரே பெண் வேட்பாளரும் அவர்தான். கன்சர்வேடிவ் வேட்பாளர் அவருக்காக விலகிக்கொண்டார். நேருக்கு நேர் போட்டி. வார்ப்படத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஜான் டேவிசன் 9,389, பாங்க்ஹர்ஸ்ட் 8,614. வித்தியாசம் 775. அந்தத் தேர்தலில் வென்ற ஒரே பெண் டப்ளினில் நின்ற கான்ஸ்டன்ஸ் மார்க்கீவிச். அவர் லண்டன் நாடாளுமன்றத்தில் போய் அமரவில்லை. அதாவது 388 பேர் மனம் மாறி வாக்களித்திருந்தால் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் உறுப்பினரை ஸ்மெதிக் அனுப்பியிருக்கக்கூடும். அப்போது 30 வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு வாக்கே இல்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

டேவிசன் 1926 வரை நீடித்தார். உடல்நலக் குறைவால் அவர் பதவி விலக, டிசம்பர் 21-ல் இடைத்தேர்தல் வந்தது. தொழிற்கட்சி வேட்பாளர் ஆஸ்வால்ட் மோஸ்லி. கன்சர்வேடிவாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து, சுயேச்சையாகி, 1924-ல் தொழிற்கட்சியில் சேர்ந்தவர். அந்த ஆண்டே பர்மிங்ஹாம் லேடிவுட்டில் நெவில் சேம்பர்லினிடம் 77 வாக்கில் தோற்றிருந்தார். பெரும் பணக்காரர். மனைவி சிந்தியா, இந்தியாவில் வைஸ்ராயாக இருந்த கர்சனின் மகள். பத்திரிகைகள் அவர்களுடைய செல்வத்தையே எழுதித் தள்ளின. வார்ப்படத் தொழிலாளி அதற்கு மசியவில்லை. மோஸ்லி 16,077, கன்சர்வேடிவ் 9,495, லிபரல் 2,600. வித்தியாசம் 6,582.

இங்கே டெபாசிட் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1918 முதல் 1985 வரை பிரிட்டனில் வேட்பாளர் கட்ட வேண்டிய தொகை 150 பவுண்டு. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம் கிடைக்காவிட்டால் அது போய்விடும். 1926-ல் மொத்தம் 28,172 வாக்கு. எட்டில் ஒரு பங்கு 3,521. லிபரல் வேட்பாளர் டெபாசிட் இழந்தார். இன்று வரம்பு 5 சதவீதம், தொகை 500 பவுண்டு. பழைய முடிவுகளை இன்றைய வரம்பை வைத்துப் படித்தால் யார் டெபாசிட் இழந்தார் என்பது தப்பாகிவிடும்.

மோஸ்லி 1929-லும் வென்று அமைச்சரானார். வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு அவர் வைத்த திட்டத்தை அமைச்சரவை ஏற்காததால் 1930 மே மாதம் விலகினார். 1931-ல் புதுக்கட்சி தொடங்கினார். அந்த ஆண்டுத் தேர்தலில் ஸ்மெதிக்கை விட்டுவிட்டு, மனைவி உறுப்பினராக இருந்த ஸ்டோக்கில் நின்று தோற்றார். 1932-ல் பாசிஸ்ட் சங்கம். ஸ்மெதிக்கின் மேல் பழிபோட விரும்புகிறவர்கள் 'மோஸ்லியை அனுப்பிய ஊர்' என்று சொல்வதுண்டு. அது நியாயமில்லை. இந்த ஊர் மோஸ்லிக்கு வாக்களித்தது தொழிற்கட்சிக்காரராகத்தான். பாசிஸ்டாக அவர் இங்கே வந்து நிற்கவே இல்லை.

1931-ல் நாடெங்கும் தொழிற்கட்சி நொறுங்கியபோது கன்சர்வேடிவ் ராய் வைஸ் வென்றார். 1935-லும் அவரே. போரினால் பத்து ஆண்டு தேர்தல் இல்லை. 1945 ஜூலை 5-ல் வாக்குப்பதிவு; வெளிநாட்டில் இருந்த படையினரின் வாக்குகள் வந்துசேர வேண்டும் என்பதால் எண்ணிக்கை ஜூலை 26-ல். தொழிற்கட்சியின் ஆல்ஃப்ரட் டாப்ஸ் வென்றார். மறுநாளே கார் விபத்தில் இறந்தார். ஒரு நாளும் அவைக்குள் நுழையாத உறுப்பினர். அக்டோபர் 1-ல் நடந்த இடைத்தேர்தலில் பேட்ரிக் கோர்டன் வாக்கர் வந்தார்.

கோர்டன் வாக்கர் ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு கற்பித்தவர், லண்டன்வாசி. 1950-51-ல் காமன்வெல்த் உறவுத் துறை அமைச்சர். கட்சியில் பெரிய ஆள். தொகுதியில் குடியிருந்தவர் இல்லை. 1950களின் தொடக்கத்தில் ஒன்பதாயிரத்துக்கு மேல் இருந்த அவருடைய வித்தியாசம் 1959-ல் 3,544-க்கு இறங்கியிருந்தது. இதைக் கவனிக்க வேண்டும். குடியேற்றம் இந்தத் தொகுதியில் பிரசாரப் பொருளாவதற்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது.

இனி 1964. அக்டோபர் 15. முந்தைய தேர்தலோடு வைத்துப் பார்ப்போம்.

1959: கோர்டன் வாக்கர் 20,670, கன்சர்வேடிவ் பீட்டர் கிரிஃபித்ஸ் 17,126. மொத்தம் 37,796.
1964: கிரிஃபித்ஸ் 16,690, கோர்டன் வாக்கர் 14,916, லிபரல் 3,172. இந்த மூவரும் சேர்ந்து 34,778.

சதவீதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வாக்குகளை மட்டும் பாருங்கள். வென்ற கிரிஃபித்ஸ், ஐந்து ஆண்டுக்கு முன் தோற்றபோது வாங்கியதைவிட 436 வாக்கு குறைவாகவே வாங்கினார். கோர்டன் வாக்கர் இழந்தது 5,754. அதில் எத்தனை பேர் கிரிஃபித்ஸ் பக்கம் போனார்கள், எத்தனை பேர் லிபரலுக்குப் போட்டார்கள், எத்தனை பேர் வீட்டிலேயே இருந்தார்கள் என்பதை மொத்த எண்களை வைத்துச் சொல்லிவிட முடியாது. கன்சர்வேடிவ் வாக்காளர்களும் இறந்தார்கள், ஊர் மாறினார்கள். அந்த இடத்தைப் புதியவர்கள் நிரப்பியிருப்பார்கள். ஆனால் 'இனவெறிப் பிரசாரம் ஒரு பெரிய அலையைக் கிளப்பி கிரிஃபித்ஸைத் தூக்கிவிட்டது' என்ற சித்திரத்துக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை. நடந்தது தொழிற்கட்சியின் அடித்தளம் கழன்று விழுந்தது.

ஸ்விங், அதாவது ஒரு கட்சியிலிருந்து மற்றதன் பக்கம் வாக்கு சாய்ந்த அளவு, அந்தக் கணக்கைப் போடும்போது பலர் தடுமாறுவது இங்கேதான். வழக்கமான முறை: ஒரு கட்சியின் சதவீத ஏற்றத்தையும் மற்றதன் இறக்கத்தையும் கூட்டி இரண்டால் வகுப்பது. மேலே சொன்ன வேட்பாளர்களின் வாக்கை மட்டும் நூறாக வைத்தால் கன்சர்வேடிவ் 45.3-லிருந்து 48.0, ஏற்றம் 2.7. தொழிற்கட்சி 54.7-லிருந்து 42.9, இறக்கம் 11.8. கூட்டினால் 14.5, பாதி 7.2. இதுதான் எல்லா இடத்திலும் மேற்கோள் காட்டப்படும் 7.2 சதவீதம். ஆனால் 1959-ல் லிபரல் வேட்பாளர் இல்லை, 1964-ல் இருந்தார். புதிதாக வந்த லிபரல் இரு பக்கத்திலிருந்தும் எடுத்திருப்பார் என்பதால், இரு பெரிய கட்சிகளின் வாக்கை மட்டும் நூறாக வைத்துப் பார்ப்பது இன்னொரு முறை. அப்படிப் போட்டால் தொழிற்கட்சி 54.7-லிருந்து 47.2, ஸ்விங் 7.5. இரண்டும் சரியே. எந்த முறை என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எடுத்துப்போட்டால்தான் குழப்பம்.

நாடு முழுவதும் அதே நாளில் ஸ்விங் தொழிற்கட்சிப் பக்கம் 3.5 சதவீதம். அதை இந்தத் தொகுதிக்குப் பொருத்தினால் கோர்டன் வாக்கர் சுமார் 5,700 வாக்கு வித்தியாசத்தில் வென்றிருக்க வேண்டும். தோற்றது 1,774-ல். கிட்டத்தட்ட ஏழாயிரத்து ஐந்நூறு வாக்கு இடைவெளியை உள்ளூர்க் காரணங்கள்தான் உண்டாக்கியிருக்க வேண்டும்.

அந்தக் காரணங்கள் என்ன? ஊரின் வார்ப்படப் பட்டறைகளில் பஞ்சாபிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்தார்கள். வீட்டுக்குப் பெரும் தட்டுப்பாடு. கிரிஃபித்ஸ் பள்ளித் தலைமையாசிரியர், நகராட்சியில் கன்சர்வேடிவ் குழுத் தலைவர். குடியேற்றத்தை நிறுத்த வேண்டும் என்பதையே மையமாக்கினார். கறுப்பரை அண்டை வீட்டுக்காரராக வேண்டுமென்றால் தொழிற்கட்சிக்கு வாக்களியுங்கள் என்ற பொருளில், மிக இழிவான ஒரு சொல்லைப் போட்டு, ஒரு கோஷம் ஊரில் பரவியது. அதைத் தான் எழுதவில்லை என்றார் கிரிஃபித்ஸ். ஆனால் அதைக் கண்டிக்க மறுத்தார். மக்கள் உணர்வின் வெளிப்பாடு என்றார். என் பார்வையில் அந்த மறுப்பே பிரசாரம். கோஷத்தைச் சுவரில் எழுதியவனைவிட அதற்கு மரியாதை தேடித் தந்த வேட்பாளர் செய்தது பெரிய தீங்கு.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1961 நவம்பரில், காமன்வெல்த் நாட்டவரின் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் மசோதாவை எதிர்த்துத் தொழிற்கட்சி சார்பில் நாடாளுமன்றத்தில் பேசியவர் கோர்டன் வாக்கர். கொள்கையாக அது சரி. ஆனால் தேர்தல் நேரத்தில் அவர் கட்சி அந்தக் கொள்கையை எடுத்துப் பேசவில்லை. குடியேறியவர்கள் பெருமளவில் வந்தது கன்சர்வேடிவ் ஆட்சியில்தான், பழியை எங்கள் மேல் போடாதீர்கள் என்ற பொருளில் துண்டறிக்கை விட்டார்கள். எதிராளியின் கேள்வியை ஒப்புக்கொண்டுவிட்டு விடையை மட்டும் மாற்றிச் சொல்வது எந்தத் தேர்தலிலும் எடுபடுவதில்லை.

வீடுகளின் நெருக்கடி பற்றி ஒரு புள்ளிவிவரம், இதை அதிகம் பேர் சொல்வதில்லை. 1951-ல் 76,000 அளவில் இருந்த ஸ்மெதிக்கின் மக்கள்தொகை 1961-ல் 68,000 அளவுக்கு இறங்கியிருந்தது. வெளியாட்கள் வந்து ஊரை நிரப்புகிறார்கள் என்று பேசிய காலத்தில் ஊர் சுருங்கிக்கொண்டிருந்தது. வசதி வந்தவர்கள் புறநகருக்குப் போனார்கள். பழைய வரிசை வீடுகள் இடிந்துகொண்டிருந்தன, புதியவை வேகமாக எழவில்லை. தொழிற்கட்சிக்குத் தலைமுறையாக வாக்களித்த தெருக்களிலிருந்துதான் பெரும்பாலும் ஆட்கள் போனார்கள் என்பது என் ஊகம். 1950களின் சரிவுக்கும் அது பொருந்துகிறது.

வாக்காளர் பட்டியலும் ஒரு காரணி. காமன்வெல்த் நாட்டவர் பிரிட்டனில் வசித்தாலே வாக்குரிமை உண்டு. குடியுரிமை மாற வேண்டியதில்லை. (இன்றும் அப்படித்தான். லண்டனில் படிக்கும் தமிழ்நாட்டு மாணவரும் இலங்கை மாணவரும் பெயரைப் பதிந்தால் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். பலருக்கு இது தெரியாமலே படிப்பு முடிந்துவிடுகிறது.) ஆனால் அப்போது பட்டியல் ஆண்டுக்கு ஒரு முறைதான். அக்டோபர் 10-ல் எந்த முகவரியில் இருந்தீர்களோ அதுவே பதிவு. அந்தப் பட்டியல் மறு ஆண்டு பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வரும். ஆகவே 1964 அக்டோபர் 15-ல் பயன்பட்டது 1963 அக்டோபர் 10-ன் பட்டியல். ஓராண்டுக்குள் வந்தவர், வாடகை அறை மாறியவர், வீட்டுக்காரர் படிவத்தில் பெயர் எழுதாமல் விட்டவர் எல்லாரும் வெளியே. பிரசாரத்தில் யாரைப் பற்றி அதிகம் பேசினார்களோ அவர்களில் பலருக்கு வாக்குச்சாவடியில் பேச வழியில்லை.

இன்னொன்று வாக்குச்சீட்டு. 1970 தேர்தலுக்கு முன் பிரிட்டனில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது, சின்னமும் கிடையாது. வேட்பாளரின் பெயர், முகவரி, தொழில் மட்டும். உதயசூரியனையோ இரட்டை இலையையோ தேடிப் பழகிய நமக்கு இது விசித்திரமாக இருக்கும். உள்ளூர் முகவரியும் உள்ளூர்ப் பள்ளித் தொழிலும் கொண்ட ஒருவர், லண்டன் முகவரி கொண்ட ஒருவர் என்ற வேறுபாடு சீட்டிலேயே தெரியும்.

ஸ்மெதிக் தனித்து நின்றதும் இல்லை. அதே இரவு பர்மிங்ஹாம் பெர்ரி பாரும், ஈட்டன் - ஸ்லவும் தொழிற்கட்சியிடமிருந்து போயின. இரண்டாவதில் இந்திய விடுதலைக்காகக் காலமெல்லாம் பேசிய ஃபென்னர் பிராக்வே 11 வாக்கில் தோற்றார்.

பின்விளைவு வேகமாக வந்தது. நாடளவில் தொழிற்கட்சி வென்றிருந்தாலும் பிரதமர் ஹெரால்ட் வில்சனின் பெரும்பான்மை நாடாளுமன்றத்தில் வெறும் 4. தோற்ற கோர்டன் வாக்கரையே வெளியுறவு அமைச்சராக்கி, லேட்டன் தொகுதியைக் காலி செய்து 1965 ஜனவரி 21-ல் நிறுத்தினார். அங்கும் 205 வாக்கில் தோல்வி, மறுநாள் பதவி விலகல், பெரும்பான்மை இன்னும் குறைந்தது. ஸ்மெதிக் நகராட்சி மார்ஷல் தெருவில் விற்பனைக்கு வரும் வீடுகளை வாங்கி வெள்ளைக் குடும்பங்களுக்கு மட்டும் வாடகைக்கு விடத் திட்டமிட்டது. அதற்கான கடனுக்கு வீட்டுவசதி அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ்மன் அனுமதி தரவில்லை. இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அழைப்பில் பிப்ரவரி 12-ல் அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸ் அந்தத் தெருவுக்கு வந்தார். ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

தொழிற்கட்சி அரசு இரண்டு திசையில் நகர்ந்தது. 1965 ஆகஸ்டில் காமன்வெல்த் வேலை அனுமதிச் சீட்டுகளை ஆண்டுக்கு 8,500 என்று குறைத்தது. டிசம்பரில் முதல் இன உறவுச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முதலாவது ஸ்மெதிக்குக்குப் பயந்து செய்தது என்றே நினைக்கிறேன். இரண்டாவது ஓட்டைகள் நிறைந்த சட்டம்; வீட்டுக்கும் வேலைக்கும் அது பொருந்தவில்லை. மார்ஷல் தெருவில் பிரச்சினையே வீடுதான்.

1966 மார்ச் 31-ல் நடிகர் ஆண்ட்ரூ ஃபால்ட்ஸ் தொழிற்கட்சி சார்பில் நின்றார். இனவெறியை எதிர்ப்பதாக வெளிப்படையாகச் சொல்லியே வாக்குக் கேட்டார். ஃபால்ட்ஸ் 18,440, கிரிஃபித்ஸ் 14,950. வித்தியாசம் 3,490. தொழிற்கட்சிப் பக்கம் ஏழு சதவீதத்துக்கு மேல் ஸ்விங். நாட்டின் சராசரி 2.7 மட்டும். கிரிஃபித்ஸ் 1,740 வாக்கு இழந்தார், தொழிற்கட்சி 3,524 கூட்டிக்கொண்டது. ஆனாலும் 1959-ல் கோர்டன் வாக்கர் வாங்கிய 20,670-ஐ ஃபால்ட்ஸ் எட்டவில்லை. ஊர் சுருங்கியதன் கணக்கு இதிலும் தெரிகிறது. கிரிஃபித்ஸ் பிறகு 1979 முதல் 1997 வரை போர்ட்ஸ்மத் வடக்கின் உறுப்பினராக இருந்தார்.

1966 ஏப்ரலில் ஸ்மெதிக் நகராட்சியே மறைந்து, ஓல்ட்பரி, ரவுலி ரீஜிஸ் ஊர்களோடு வார்லி என்ற புதிய நகராட்சியில் கரைந்தது. 1970 தேர்தல் பழைய தொகுதி எல்லையிலேயே நடந்தது, ஃபால்ட்ஸ் தக்கவைத்தார். 1974 பிப்ரவரித் தேர்தலோடு தொகுதியும் போய், பெரும்பகுதி வார்லி கிழக்கு ஆனது. ஃபால்ட்ஸ் அங்கே 1997 வரை தொடர்ந்தார். அடுத்து வார்லி, 2024 மறுவரையறையில் ஸ்மெதிக் என்ற பெயர் திரும்ப வந்தது. இப்போது அதன் உறுப்பினர் தொழிற்கட்சியின் குரிந்தர் சிங் ஜோசன்.

பெயர் ஒன்று என்பதற்காக 1970-ஐயும் 2024-ஐயும் பக்கத்தில் வைத்து ஸ்விங் போடக் கூடாது. பழையது ஒரு ஊரின் எல்லை. புதியது சாண்ட்வெல் மாநகரப் பகுதியின் வார்டுகளைக் கோத்து அமைத்தது. பழைய ஊருக்கு வெளியே இருந்த இடங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் நகராட்சி வார்டு முடிவுகளை எடுத்து, பழைய ஊர் எல்லைக்குள் வரும் வார்டுகளை மட்டும் தனியே கூட்டிப் பார்க்க வேண்டும். வார்டு எல்லைகளும் பலமுறை மாறியிருப்பதால் அதிலும் துல்லியம் கிடைக்காது, திசை மட்டும் தெரியும்.